லக்கல பாதையில் இறக்கப்பட்ட என் நானாவுக்கு

என் கூடப்பிறந்த மூத்தவர், அன்பு ரபீக் நானா, அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் வரைக்கும் நீங்கள் சவூதியில் இருந்தீர்கள். மாத்தளை டவுனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ரியாதில் லொறி ஓட்டுகிறீர்களாம். அங்கேயே ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்டீர்களாம். பிள்ளைகளும் இருக்கிறார்களாம், எத்தனை பிள்ளைகள் என்பது மட்டும் சொல்லுகிற ஆளுக்கு ஆள் மாறும். முப்பது வருடங்களுக்கு மேலாக ஊர் உங்களை அங்கே குடியிருத்தி வைத்திருந்தது.

நீங்கள் கடல் தாண்டவே இல்லை. ரிவர்ஸ்டன் மலையைத்தான் தாண்டப் போனீர்கள், அதையும் முழுதாகத் தாண்டவில்லை. இப்போது ஊருக்கும் அது தெரியும். எப்படித் தெரிய வந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தெரிந்த விசயங்களையும் நடுவில் சொல்லுவேன். பக்கத்தில் வேறு ஆட்களும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓட்டியது மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லக்கல போகும் தனியார் பஸ். காலையில் போகும், பின்னேரம் அதுவே திரும்பி வரும். தவறவிட்டால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மறுநாள்தான். அதனால் ஊருக்கு முந்திய வளைவிலேயே ஹோனை நீளமாக அழுத்துவீர்கள். காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனையில் நிற்கிறவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வயலில் நிற்கிறவள் காலைக் கழுவிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வர அவ்வளவு நேரம் வேண்டும். பஸ் வந்து நிற்கும்போது ஆட்களும் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருப்பார்கள். அந்தப் பாதையில் ஓடிய டிரைவர்மார் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. உங்களுடைய ஹோன் மட்டும் கொஞ்சம் அளவுக்கு மீறி நீளம். "இவன் பஸ் ஓட்டுறானா, மாப்புள ஊர்வலம் கொண்டு போறானா?" என்று வாப்பா ஏசுவார்.

பிறகு, எண்பதுகளின் கடைசியில், அந்தக் காலம் வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் மலைக்காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள், பெரும்பாலும் அந்தக் கிராமங்களிலேயே பிறந்து வளர்ந்த சிங்களப் பொடியன்கள். பஸ் ஓட்டினால் கொளுத்துவோம் என்றார்கள். ஓட்டாவிட்டால் நீயும் அவர்களுடைய ஆள் என்றது இராணுவம். பஸ்காரன் என்னதான் செய்வான்? நீங்கள் ஓட்டினீர்கள்.

அப்புறம் அந்தப் பெரிய சுற்றிவளைப்பு. ரத்தோட்டையில் ட்ரக்குகள் வரிசையாக நின்றன. ஹெலிகொப்டர் மலைக்கு மேலே சுற்றியது. மூடுபனிக்குள் வெடிச்சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. காலையில் பாதையோரத்தில் டயர் எரிந்த கரி இருக்கும், சில இடங்களில் அந்தக் கரிக்குள் பிணமும் இருக்கும். பஸ்ஸில் இருப்பவர்கள் மறுபக்க ஜன்னலைப் பார்த்தபடி போவார்கள் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள்.

உங்கள் ஹோன், காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சைகை என்று மலை முகாமில் ஓர் அதிகாரி முடிவு செய்துவிட்டார். இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன். அவர் எந்த ஊரோ. அவருடைய ஊரில் ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்கள். லக்கலயில் பஸ்தான் ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? ஹோன் அடித்ததும் மலைச்சரிவில் நாலா பக்கமும் ஆட்கள் ஓடுவதை அவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். வெறும் வளைவில், ஒரு குருவிகூட இல்லாத பாதையில், ஒருவன் எதற்கு ஹோனை அழுத்துகிறான் என்று நினைத்திருக்கிறார்.

முதல் தடவை எச்சரித்து விட்டார்கள். அன்று சோறு தின்னும்போது நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஹோன் அடிக்காட்டி அதுகள் எப்புடி வாற? பஸ் வந்திட்டுண்டு வானத்து மலக்குமார் போய்ச் செல்லுவாங்களா?" உங்கள் மனைவி, எங்கள் மைனி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போது உங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு நானா, சொல்லிவிடுகிறேன். ஒரு கிழமைக்கு அந்தக் கையை ஹோனில் வைக்காமல் இருந்திருக்கக் கூடாதா?

அந்த வாரமே ஒரு பின்னேரம் உங்கள் சிங்களக் கொண்டக்டர் குணே நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். "ரபீக் மாத்தயாவ இறக்கிட்டாங்க. ஜீப்புல ஏத்திட்டாங்க." அவ்வளவுதான் எங்கள் காதில் விழுந்தது. வாப்பா அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, சிங்களத்தில் மெதுவாகப் பேசி, பின்வாசலால் அனுப்பிவிட்டார்.

வாப்பா முகாம் முகாமாக அலைந்தார். ஓர் இடத்தில் நாளைக்கு வா என்றார்கள், இன்னோர் இடத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். கடைசியாகப் போன இடத்தில், எங்கள் பிடவைக் கடையில் துணி எடுக்கிற ஒருவர் வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இனி இங்க கேட்டு வராதீங்க முதலாளி. வீட்டுல இன்னொரு மகன் இருக்குதுதானே?" அந்த இன்னொரு மகன் நான். அப்போது எனக்கு மீசை அரும்பி முடிந்திருந்த வயது. அவர்கள் தேடித் தேடிப் பிடித்த வயது அது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பா பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சிரித்த முகத்தோடு சொன்னார்: "மூத்தவனுக்கு விசா வந்திட்டு. அவசரமாப் பெய்த்தான். யாருக்கும் செல்லக்கூட நேரமில்ல." ஊர் நம்பியது. அந்த நாளில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்க்கொண்டுதானே இருந்தார்கள்? ஆளைக் காணோம் என்று சொன்ன வீடுகளில் அடையாளம் விழுந்தது. சவூதி என்று சொன்ன வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நோன்பு மாதத்தில் வாப்பா கொழும்புக்குப் போய் பெட்டியாகப் பேரீச்சம்பழம் வாங்கி வந்து, "மூத்தவன் அனுப்பினான்" என்று தெரு முழுக்கப் பங்கு வைத்தார். நீங்கள் அனுப்பாத பழத்தைத் தின்று ஊரே உங்களுக்குத் துஆ கேட்டது. வாப்பா மட்டும் அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

மைனியிடம் யாரும் கேட்கவில்லை, நானா. என் மனம் கிடந்து அடித்துக்கொள்வது அந்த ஒரு விசயத்துக்குத்தான். அவர் அடுப்படியில் நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "ஒண்ட மாப்புள சவூதிக்குப் பெய்த்தாராமே, மாஷா அல்லாஹ்!" என்று கையைப் பிடித்தார். மைனி அப்படித்தான் அதைக் கேள்விப்பட்டார். அழுதுகொண்டிருந்த முகத்தைத் துடைத்துவிட்டு, "ஓம்" என்று தலையை ஆட்டினார். அந்த ஓம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா?

புருசன் மவுத்தாகி மண்ணுக்குப் போனால் ஒருத்தி வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இத்தா இருப்பாள். நாள் முடிந்ததும் வெளியே வருவாள். விரும்பினால் இன்னொருவரைக் கட்டுவாள். புருசன் சவூதியில் இருப்பவளுக்கு இத்தாவும் இல்லை, அந்த இத்தாவிலிருந்து வெளியே வருவதும் இல்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை அவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார். நீங்கள் கடிதம் போடவில்லை, ஊருக்கு வரவில்லை என்றானதும் ஊர் உங்களுக்கு ஓர் அரபிக்காரியைக் கட்டிவைத்தது. கலியாண வீடுகளில் பெண்கள் மைனியைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். உங்களை ஏசுவார்கள். "அவரு நல்ல மனுசன்" என்றுகூட மைனியால் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

காலம் நல்லதாகிய பிறகாவது வாப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளிக்குத் தலைவராக இருந்துவிட்டு, அந்தப் பொய்யோடே மண்ணுக்குப் போனார். அவரை நான் வெறுத்த நாட்கள் உண்டு. அதே சமயம், இந்தக் கடிதத்தை எழுத நான் உயிரோடு இருப்பதும் அந்தப் பொய்யால்தான். இரண்டையும் என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அங்கே வாப்பாவைக் கண்டிருப்பீர்கள். என்ன பேசினீர்கள்?

இனி சென்ற மாதத்துச் செய்தி. ஒரு நாள் மைனி டீவிக்கு முன்னால் இருந்து ஏலக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு இருதய வருத்தம், கொஞ்ச தூரம் நடந்தாலும் இரைப்பு. செய்தி போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஒரு நாட்டின் எல்லைப்புற மலை, பழங்குடி ஜனங்கள் வாழும் பகுதி. கிளர்ச்சிக்காரர்களைத் துடைத்தெறிய இராணுவம் பெரும் தாக்குதல் தொடங்கியிருக்கிறதாம். ஒரு மலை வளைவில் பஸ் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஆண்கள் பாதையோரத்தில் தலையில் கை வைத்து வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செய்தி வாசித்தவர் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

மைனியின் கை அப்படியே நின்றது.

"தம்பி, அந்தப் பொம்புளைகளுக்கு யாராவது செல்லுவாங்களா?"

"என்னத்த மைனி?"

"மவுத்தெண்டு. ஈக்காரா இல்லயாண்டு தெரியாம வெக்காம, மவுத்தெண்டு நேராச் செல்லுவாங்களா?"

ஏலக்காய்ச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு இன்னமும் யாரும் செல்லல்ல. பள்ளியில செல்லச் சொல்லுங்க தம்பி. மைக்குல. நான் கண்ண மூட முந்தி அவர்ட பேர என் காதால கேக்கணும். ஓடிப்போனவன்ட பெண்டாட்டியா நான் மவுத்தாக மாட்டேன்."

அன்றைக்கே பள்ளித் தலைவர் ஹாஜியாரிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மனுசன் நீ? நேத்து வரைக்கும் சவூதியில ஈந்த ஆள இண்டைக்கு எப்புடி மவுத்தாக்குற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "ஒங்கட வாப்பா இந்தப் பள்ளிக்குத் தலைவரா ஈந்தவர். அவரு பொய் செல்லினாருண்டு நான் மைக்குல செல்லவா?" என்றார்.

"வாப்பாவப் பத்தி ஒண்ணும் செல்ல வாணாம். நானாவப் பத்திச் செல்லுங்க."

"ஆமி கீமிண்டு வந்தா வீண் கரச்சல் வரும்."

"அப்ப எங்க வீட்டுப் பொம்புள இன்னமும் காத்துக்கிட்டே ஈக்கவா ஹாஜியார்?" நான் சத்தம் போட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் பள்ளி, கடை என்று இடம் பார்க்கத் தெரியாது.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மவுத்து அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதல்லவா? ஆளின் பெயர், யாருடைய மகன், யாருடைய கணவர், எத்தனை மணிக்கு எந்த மையவாடியில் நல்லடக்கம். "நல்லடக்கம் எண்ட எடத்துல நான் என்னத்தச் செல்ல?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இளம் மவுலவிதான் சொன்னார், உடல் முன்னால் இல்லாவிட்டாலும் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழலாம், அதற்குத் தடை இல்லை என்று.

அந்த மவுலவி வீட்டுக்கும் வந்து திரைக்கு வெளியே இருந்து மைனிக்கு விளக்கினார். மவுத்து நடந்து எத்தனையோ வருடம், இத்தாவின் காலம் எப்போதோ கடந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்றார். மைனி உள்ளே இருந்து சொன்னார்: "அல்லாஹ்ட கணக்குல முடிஞ்சிருக்கும் மவுலவி. எனக்கு இன்னும் தொடங்கவே இல்லையே." மவுலவி சின்னப் பையன்தான், நன்றாக ஓதியவர். வாதாட வாயெடுத்தவர், சரி, இருங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மைக் திறந்தது. ஹாஜியாரின் குரல். வாப்பாவின் பெயர், உங்கள் பெயர், ஹைருன் அவர்களின் கணவர் என்று மைனியின் பெயர். "லக்கல பாதையில பஸ் ஓட்டிக்கிட்டு ஈக்கும்போது இறக்கிக் கொண்டு போகப்பட்டு மவுத்தானார்." அந்த வரியைச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு, "நல்லடக்கம்..." என்றார். நின்றுவிட்டார். மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. தெருவில் மீன் விற்கிறவன்கூட சைக்கிளை நிறுத்திவிட்டான். பிறகு ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அல்லாஹ் அறிஞ்ச எடத்துல நடந்து முடிஞ்சிட்டு" என்றார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மைனி வளையலைக் கழற்றி என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார். வெள்ளை உடுத்தினார். இத்தனை காலம் ஒரே வீட்டில் அவர் கையால் சோறு தின்றவன் நான். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை. அந்நிய ஆண் அல்லவா நான், இத்தா முடியும் வரைக்கும் முகம் பார்க்க முடியாது.

ஜும்ஆவுக்குப் பிறகு உங்களுக்காகத் தொழுதோம், வரிசை முற்றம் வரை வந்தது. அப்புறம் ஜனம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. உங்கள் சினேகிதன் மஹ்ரூப், கைத்தடியோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒரு விசா எடுத்து அனுப்பல்லண்டு எத்தன வருசம் இவன ஏசினேன்! மவுத்தான ஆளயா நான் ஏசிக்கிட்டு ஈந்தேன்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுசன் உங்களை ஏசாத நாள் இல்லை, அது எனக்குத் தெரியும்.

குணேக்கு நான்தான் போன் பண்ணியிருந்தேன். நாவுலவில் மரக்கறித் தோட்டம் செய்கிறார். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். முடியெல்லாம் நரைத்துப்போயிருந்தது. வாப்பா அன்று பின்வாசலால் அனுப்பிய ஆளை நான் முன்வாசலால் கூட்டிக்கொண்டு போய் மைனியின் திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சவூதியில் இருப்பவரைப் பற்றி எதைக் கேட்பது?

மைனி கேட்டார்: "இறங்கும்போது அவரு என்ன சென்னாரு?"

குணே சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "ரண்டு பேர் கையைப் புடிச்சாங்க நோனா. மாத்தயா திரும்பி என்னைப் பாத்துச் சொன்னாரு, குணே, ஹேண்ட் பிரேக் புடிக்காது, டயருக்குக் கல்லு வையி, உள்ள சனம் இருக்குது. அவ்வளவுதான்."

மைனியின் குரல் திரைக்குக் கிட்ட வந்தது: "வேற ஒண்ணும் செல்லல்லயா? என்னப் பத்தி?"

நானா, அந்த நேரத்தில் நான் குணேயின் முகத்தையே பார்த்தேன். ஏதாவது சொல்லேன் மனுசா, ஹைருனைப் பார்த்துக்கொள் என்று சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல நோனா. நேரம் குடுக்கல்ல."

"நல்லது," என்றார் மைனி. "நீங்க நெனச்சா ஒண்ணு சேர்த்துச் செல்லியிருக்கலாம். சேர்க்கல்ல. நல்லது." அப்புறம்தான் அவர் வாய்விட்டு அழுதார். அந்த வீட்டில் அவர் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை. குணே எழுந்து போகாமல் அது அடங்கும் வரைக்கும் கதிரையிலேயே இருந்தார்.

இப்போது பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு வந்து திரைக்கு வெளியே உட்காருகிறேன். உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்லுகிறார் மைனி. ஒரு வருடம்கூட உங்களோடு வாழாத மனுசி, முடி நரைத்த பிறகு உங்களைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறார். முதல் நாள் நான் உங்கள் நல்ல குணங்களை அடுக்கினேன். "மையத்து வீட்டுப் பேச்சு வாணாம் தம்பி," என்று நிறுத்திவிட்டார். "நான் கட்டின ஆளச் செல்லுங்க." அதனால் என் சைக்கிளை எனக்குத் தெரியாமல் விற்றுப் படம் பார்க்கப் போனதையும், நான் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்று என்னைச் சந்தியில் வைத்து அறைந்ததையும் நேற்றுச் சொன்னேன். திரைக்குப் பின்னால் மைனி சிரித்தார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் நானா. மைனி கேட்கும் வரைக்கும் சொல்லுவேன், இத்தா முடிந்து திரை எடுத்த பிறகும் சொல்லுவேன். உங்களை அழகாக்கிச் சொல்ல மாட்டேன். உங்கள் பிடிவாதத்தை மறைக்க மாட்டேன், எனக்கு உங்கள் மேல் இருக்கும் கோபத்தையும் மறைக்க மாட்டேன். எங்கள் வீடு, எங்கும் இல்லாத ஒரு மனிதனை அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. இருந்த மனிதனை, இருந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

உங்கள் கையால் அறை வாங்கிய ஒரே தம்பி,
நஸார்